மூன்று வயதின் முடிவு: கொங்கு நாட்டில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளித் தேர்வின் வரலாறு (1822–2024)

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் குடும்பத்தின் வருவாய், ஆங்கிலவழிக் கல்வி மீதான நாட்டம் ஆகியவற்றைக் கொண்டே விடை காணப்படுகிறது. கொங்கு நாட்டின் இரு நூற்றாண்டுக் கல்வி வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போது இவ்விளக்கம் குறைபாடுடையதாகத் தோன்றுகிறது. பள்ளியில் சேரும் வயது ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்ததும், அந்த மூன்று வயதுக்குரிய பள்ளியை அரசு நெடுங்காலம் அமைக்காமல் விட்டதும் இத்தேர்வின் போக்கை மாற்றியமைத்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1822 ஆம் ஆண்டுக் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் அறிக்கை முதல் அண்மைக்கால அரசுத் திட்டங்கள் வரையிலான செய்திகள் இக்கருதுகோளின் அடிப்படையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, திண்ணைப் பள்ளி, கொடைப் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி, மழலையர் வகுப்பு, அங்கன்வாடி, பள்ளித் தேர்வு

முன்னுரை

2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார், தம் மகளை ஈரோடு குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். தமிழ்வழி வகுப்பு, மற்றப் பிள்ளைகளைப் போலவே சத்துணவு. பெற்றோர் ஒருவர் தம் குழந்தையை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்த இச்செயல் நாளிதழ்களில் செய்தியாயிற்று, நாடெங்கும் பேசப்பட்டது. வரலாற்று மாணவர் இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது எப்போதிலிருந்து செய்தியாகும் அளவுக்கு அரிதான செயலாயிற்று? 1960களில் ஓர் அலுவலரின் பிள்ளை நகராட்சிப் பள்ளியில் படித்ததை எந்த நாளிதழும் முதற்பக்கத்தில் வெளியிட்டிருக்காது.

இவ்விரு காலங்களுக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றத்தை விளக்க, கொங்கு நாடு பொருத்தமான களமாக அமைகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட இப்பகுதி வேளாண்மையிலிருந்து நூற்பாலை, பின்னலாடை, விசைத்தறி, கோழிப்பண்ணை, ஆழ்துளைக் கிணறு ஆகிய தொழில்களுக்கு விரைந்து மாறியது. அத்தொழில்களில் திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. அச்செல்வம் எந்தக் காலத்தில் எத்தகைய பள்ளியைக் கட்டியது என்பதைப் பின்தொடர்ந்தால் இன்றைய பெற்றோரின் முன்னுள்ள தெரிவுகள் எவ்வாறு உருவாயின என்பது விளங்கும்.

கட்டணத்தால் நடந்த திண்ணை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 ஆம் நாள் பிறப்பித்த குறிப்பின்படி மாவட்டந்தோறும் பள்ளிகளின் கணக்கு எடுக்கப்பட்டது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அதே ஆண்டு நவம்பரில் தம் அறிக்கையை அனுப்பினார். தரம்பால் 1983 இல் தொகுத்து வெளியிட்ட ஆவணங்களில் இவ்வறிக்கையும் இடம்பெற்றுள்ளது. அதன்படி, இன்றைய கொங்கு மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கிய அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் 763 பள்ளிகளும் அவற்றில் 8,206 மாணவர்களும் இருந்தனர்.

இவ்வெண்களைப் பிரித்து நோக்குவது பயனுடையது. பிராமணர் 918, வைசியர் 289, சூத்திரர் 6,379, பிற சாதியினர் 226, முஸ்லிம்கள் 312, பெண்கள் 82 என்பது அறிக்கை தரும் பகுப்பு. மாணவருள் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலானோர் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட உழுகுடி, கைவினை, வணிகச் சாதியினர். அந்நியர் வருமுன் கல்வி பிராமணருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் கூற்றை இது மறுக்கிறது. ஆயினும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே. பிற சாதியினர் என்னும் தலைப்பில் அடங்கியோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஆகவே இதனைப் பொற்காலம் என்று போற்றுவதற்கும் இவ்வறிக்கை இடந்தரவில்லை.

நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்திகள் இரண்டு. முதலாவது, இப்பள்ளிகளை நடத்தியது அரசன்று. ஆசிரியரின் பிழைப்பு பெற்றோர் தரும் பணத்தாலும் தானியத்தாலும் நடந்தது. பெற்றோரின் வசதிக்கேற்பத் தொகை வேறுபட்டது. திண்ணைப் பள்ளி இன்றைய சொல்லாட்சியில் கூறுவதாயின் கட்டணத் தனியார் பள்ளியே. கொடுக்க இயலாதவருக்கும், திண்ணையில் ஏறும் உரிமை மறுக்கப்பட்டவருக்கும் தேர்வு என்ற ஒன்றே இல்லை. இரண்டாவது, பிள்ளைகள் ஐந்து வயதில் பள்ளிக்கு வந்து பதின்மூன்று, பதினான்கு வயது வரை பயின்றனர் என்று சல்லிவன் குறிப்பிடுகிறார். மணலில் எழுத்து, பின்னர் ஓலை, எண்சுவடி, நெடுங்கணக்கு என்று நீண்ட அக்கல்வியின் வாயில் ஐந்தாம் வயதில் திறந்தது. இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் கொள்ள வேண்டும்.

கொடையால் எழுந்த பள்ளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பள்ளி நடத்துவோர் பலராயினர். இலண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் அடிஸ் 1830 இல் கோயம்புத்தூர் வந்தபின் அச்சபையின் பள்ளிப்பணி தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை 1860 இல் புனித மைக்கேல் பள்ளியை நிறுவியது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கென ஸ்டேன்ஸ் பள்ளி 1862 இல் தோன்றியது. 1854 ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை உதவித்தொகை முறையை வகுத்தது. பள்ளியைத் தனியார் நடத்த, அரசு மானியம் தந்து மேற்பார்வையிடும் இம்முறையே இன்றைய அரசு உதவிபெறும் பள்ளிகளின் மூலம். 1884 ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும் தாலுகா, மாவட்ட போர்டுகளையும் நகராட்சிகளையும் தொடக்கக் கல்விக்குப் பொறுப்பாக்கின.

இக்காலத்தில் உள்ளூர்ச் செல்வரின் கொடை பள்ளிகளாக வடிவெடுத்தது. விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாகக் கோபிசெட்டிபாளையத்தில் எழுந்த உயர்நிலைப் பள்ளி இதற்கொரு சான்று. பீளமேட்டில் 1924 இல் தொடங்கிய பள்ளிக்குச் சர்வஜன என்று பெயர் சூட்டப்பட்டது. எல்லா மக்களுக்கும் உரியது என்பது அதன் பொருள். அதனைத் தாங்கி நின்ற பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926 இல் குடும்பச் சொத்தில் ஒரு பங்கை அறத்துக்கென ஒதுக்கி உருவாக்கப்பட்டது. தி. சு. அவினாசிலிங்கம் 1930 இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றது. 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவர், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்குவதில் முன்னின்றார்.

இப்பள்ளிகள் நிருவாக அடிப்படையில் தனியார் பள்ளிகளே. ஆனால் தனியார் என்ற ஒரே சொல்லால் இவற்றையும் 1980களுக்குப் பிந்திய பள்ளிகளையும் குறிப்பது வரலாற்றைக் குழப்பும். முன்னவற்றில் செல்வர் பணம் பள்ளிக்குள் சென்றது. பின்னவற்றில் பெற்றோர் பணம் பள்ளி வழியாக நிறுவனருக்குச் சென்றது. எனவே முன்னதைக் கொடைப் பள்ளி என்றும் பின்னதைக் கட்டணப் பள்ளி என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. கொடைப் பள்ளியும் போர்டுப் பள்ளியும் ஒன்றையொன்று ஒழிக்க முயலவில்லை. இரண்டும் உதவித்தொகை, பாடத்திட்டம், பயிற்றுமொழி ஆகியவற்றால் ஏறத்தாழ ஒரே அமைப்பின் இரு கைகளாகவே இயங்கின.

ஒரே வகுப்பறையின் காலம்

1953 இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அழைக்கப்பட்டுக் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அத்திட்டம் 1954 இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அதனைச் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேசவும் பின்னர்க் கைவிடும் முடிவை அறிவிக்கவும் நேர்ந்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சி வட்டாரத்தைச் சேர்ந்தவர். அடுத்துவந்த ஆண்டுகளில் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் ஓராசிரியர் பள்ளிகள் பெருகின; மதிய உணவுத் திட்டம் 1956 இல் தொடங்கியது; பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன.

இம்மாநாடுகள் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையன. ஊரார் பள்ளிக்கு நிலம், கட்டடம், மேசை, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம் ஆகியவற்றை நன்கொடையாக வழங்கினர். மதிய உணவும் தொடக்கத்தில் ஊர்க்கொடையையே பெரிதும் நம்பியிருந்தது. கொடுத்தவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில் படித்தனர். தம் பிள்ளை அமரும் கூரை ஒழுகினால் கேட்பதற்கு ஊர்ப் பெரியவருக்குக் காரணம் இருந்தது. ஆசிரியர் வராவிட்டால் போர்டு அலுவலகத்துக்கு எழுதுவதற்கு எழுத்தறிந்த பெற்றோர் இருந்தனர்.

இந்தக் காலத்தையும் மிகைப்படுத்தலாகாது. ஒரே வகுப்பறையில் தோட்டக்காரர் பிள்ளையும் அவர் தோட்டத்தில் வேலை செய்த அருந்ததியர் பிள்ளையும் அமர்ந்தார்கள் எனினும், தண்ணீர்ப் பானையும் இருக்கையும் எல்லா ஊர்களிலும் பொதுவாக இருந்தன என்று கூற இயலாது. பண்ணையாளாகச் சேர்க்கப்பட்ட சிறுவர் பலர் பள்ளிப் பக்கமே வந்ததில்லை. ஆயினும் வசதியுள்ளோரும் வசதியற்றோரும் ஒரே பொதுநிறுவனத்தைச் சார்ந்திருந்தனர் என்பது உண்மை. 1964–66 ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக்குழு பொதுப்பள்ளி முறையையும் அருகமைப் பள்ளியையும் பரிந்துரைத்தபோது, கொங்கு நாட்டின் சிற்றூர்களில் அதன் குறைப்பட்ட வடிவம் ஒன்று நடைமுறையில் இருந்தது எனலாம்.

1978க்குப் பின்: கொடையிலிருந்து கட்டணத்துக்கு

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் நெடுங்காலம் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. எண்ணிக்கையில் மிகச் சிலவே. 1978 இல் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி என்னும் முறை நடைமுறைக்கு வந்தபோது இவை மாநில அரசின் கண்காணிப்புக்கு மாற்றப்பட்டு, தனி விதித்தொகுப்பும் பெற்றன. ஆங்கிலவழி, சுயநிதி, தனிப் பாடத்திட்டம் ஆகிய மூன்றும் அரசின் ஏற்போடு கிடைத்தன. கட்டணப் பள்ளி பெருகுவதற்கான சட்டவழி இங்குத் திறந்தது.

அதே பத்தாண்டுகளில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்தது. நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலும் செழித்தன. இத்தொழில்களில் முன்னேறிய முதல் தலைமுறையினர் பலர் ஊர்ப்பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். வெளிநாட்டு வணிகரோடும் வங்கியோடும் பேச ஆங்கிலம் வேண்டியிருந்த இடங்களில் அவர்கள் உணர்ந்த இடர்ப்பாடு, பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிக் கல்வியைத் தேடச் செய்தது என்று கருத இடமுண்டு. அவர்களின் முதலீடும் பள்ளித்துறையை நாடியது. அறநிலையம் என்ற பதிவு நீடித்தாலும் பள்ளியின் வரவும் செலவும் கட்டணத்தாலேயே அமைந்தன.

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகள் இம்மாற்றத்தின் உச்சம். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ, பொறியியல் இடத்தைத் தீர்மானித்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பயிற்றும் முறை பரவியது. வட்டாரத்தின் தொழிலிலிருந்தே உவமை எடுத்து மக்கள் இவற்றைப் பிராய்லர் பள்ளிகள் என்றனர். 2017–18 இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிமுகமானது இதற்கு எதிர்வினையே. உச்சியில் நிகழ்ந்த போட்டி அடிவரை இறங்கியது. மருத்துவ இடத்துக்கு மேல்நிலைப் பள்ளி, அதற்கு ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளி, அதற்கு எல்.கே.ஜி. என்று கணக்கு பின்னோக்கிச் சென்று மூன்று வயதில் வந்து நின்றது.

மூன்று வயதின் வெற்றிடம்

மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்விநிலையம் என்னும் கருத்து நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மானியரான ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837 இல் தொடங்கிய நிலையத்துக்குப் பின்னர்க் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். விளையாட்டும் பாட்டும் கைவேலையுமே அதன் பாடம். மரியா மாண்டிசோரி 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். கோயம்புத்தூரில் 1957 இல் நிறுவப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி குழந்தை வளர்ச்சியை உயர்கல்விப் பாடமாக்கியது. ஆயினும் இவ்வறிவு பெருந்திரளான குழந்தைகளுக்கான அரசுப் பள்ளியாக மாறவில்லை.

அரசு இவ்வயதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. கவனித்த வகை வேறு. 1975 அக்டோபர் 2 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆறு பணிகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. 1982 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது கடந்த குழந்தைகளையும் உள்ளடக்கியது. குழந்தை இறப்பும் ஊட்டக் குறைவும் மிகுந்திருந்த காலத்தில் அரசு முதலில் உணவை வைத்தது தவறன்று. ஆனால் அங்கன்வாடி சமூக நலத்துறையிடமும் தொடக்கப் பள்ளி கல்வித்துறையிடமும் இருந்தன. பெற்றோரின் பேச்சில் அது பால்வாடி. சோறூட்டும் இடம், எழுத்துக்கான இடமன்று. அரசின் எழுத்து, திண்ணைப் பள்ளிக் காலத்தைப் போலவே, ஐந்து வயது நிறைந்தபின் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்கியது.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளியை நர்சரி பள்ளிகள் நிரப்பின. ஃபுரோபெலின் பெயரைத் தாங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் அவர் விலக்கிய எழுத்துப் பயிற்சியே முதலிடம் பெற்றது. ஆயினும் அவை தந்த மற்றொன்றையும் நோக்க வேண்டும். நூற்பாலையிலும் பனியன் நிறுவனத்திலும் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்குக் காலையில் வாசலில் வந்து நிற்கும் வேன் ஒரு தேவை, ஆடம்பரமன்று. குழந்தையை மாலை வரை வைத்திருக்கும் இடத்துக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுத்த தொழிலாளியை ஆங்கில மோகத்தினர் என்று எளிதில் முத்திரை குத்தலாகாது.

எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கும் அங்கேயே செல்கிறது. வேறு மொழிவழி, வேறு தோழர், வேறு ஆசிரியர் என்று மாற்றுவதைப் பெற்றோர் விரும்புவதில்லை. ஆகவே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஜூன் மாதச் சேர்க்கைப் பேரணி நடத்தும்போது, அது யாரை அழைக்கிறதோ அவர்களின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அரசுப் பள்ளி தன் வாயிலைத் திறக்கும் முன்னரே மாணவரை இழக்கிறது. ஆசிரியர் தரம், கட்டட வசதி, பயிற்றுமொழி ஆகியவற்றை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் இக்காலவரிசையைப் போதிய அளவு கருதவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

அரசின் மறுமொழிகள்

1999 இல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியை வலியுறுத்தி அரசாணை வெளியிடப்பட்டது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2000 இல் அதனை நீக்கியது. 2009 இல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும், ச. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2010 இல் சமச்சீர்க் கல்விச் சட்டமும் வந்தன. 2011 ஆகஸ்டு 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலப் பாடத்திட்டத்திலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடநூல் உறுதியாயிற்று. பாடநூல் ஒன்றானபின் வேறுபாடு பயிற்றுமொழிக்கும் வேனுக்கும் விடுதிக்கும் இடம்பெயர்ந்தது. நிறுவனங்கள் சில மத்திய வாரியத்துக்கு மாறின. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன.

இவை யாவும் ஒன்றாம் வகுப்புக்கு மேலான மாற்றங்கள். மூன்று வயதுக்கான முதல் பெருமுயற்சி 2019 ஜனவரியில்தான் வந்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. மாநிலத்தின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களோடு ஒப்பிட இது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022 ஜூனில் இவ்வகுப்புகளை அங்கன்வாடிகளிடமே திரும்ப ஒப்படைக்க முடிவு செய்யப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் மதிப்பூதிய ஆசிரியர்களைக் கொண்டு தொடர்வதாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தயக்கம், மழலையர் வகுப்பு எந்தத் துறையின் கடமை என்பது அன்றும் தீராமலிருந்ததைக் காட்டுகிறது.

2009 ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் ஒரு முரணைச் சேர்த்தது. அதன் உரிமை ஆறு வயதில் தொடங்குகிறது. ஆனால் தனியார் பள்ளியில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்கள், அப்பள்ளியில் முன்பருவ வகுப்பு இருந்தால் அங்கிருந்தே தொடங்கும். தமிழ்நாட்டில் அது எல்.கே.ஜி. தன் பள்ளியில் மழலையர் வகுப்பு இல்லாத ஊரில், தனியார் பள்ளியின் மழலையர் வகுப்புக்கு அரசே கட்டணம் ஈடுசெய்தது. ஏழைக் குழந்தைக்கு வாயிலைத் திறந்த அதே விதி, அருகிலுள்ள ஒன்றியப் பள்ளியின் முதல் வகுப்பை வெறுமையாக்கவும் துணைபோயிற்று.

மறுபுறம், அரசுப் பள்ளியில் பயில்வதற்கான பயன்கள் கூட்டப்பட்டன. 2020 இல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, 2022 இல் காலை உணவுத் திட்டமும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டு 9 இல் கோயம்புத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் காலை உணவு தொடக்க வகுப்புக்குரியது. மற்றவை ஆறாம் வகுப்புக்குப் பிந்திய கல்வியைக் கணக்கில் கொள்வன. பெருந்தொற்றுக் காலத்தில் வேலையும் வருவாயும் இழந்த குடும்பங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தன. நிலைமை சீரானபின் அவர்களுள் பலர் மீண்டும் சென்றனர். வந்தவரைத் தக்கவைப்பது சேர்ப்பதினும் கடினம் என்பதை அவ்விரு ஆண்டுகள் உணர்த்தின.

வெளியேறியோரும் எஞ்சியோரும்

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது அதைச் சார்ந்தோர் வெளியேறலாம் அல்லது குரலெழுப்பலாம் என்கிறார். பொதுப் பள்ளியை அவர் எடுத்துக்காட்டாக ஆள்கிறார். தரத்தில் மிகுந்த அக்கறையுள்ள பெற்றோரே முதலில் வெளியேறுவர். அவர்களே உள்ளிருந்தால் மிகுதியாகக் குரலெழுப்பியிருக்கக் கூடியவர்கள். கொங்கு நாட்டில் இது இருமடங்காக நிகழ்ந்தது. வெளியேறியோர் பள்ளிக்குக் கொடை தந்தோரின் வழியினர். ஆதலின் குரலோடு கொடையும் வெளியேறியது.

எஞ்சியோர் யார்? பெரும்பாலும் பட்டியல் சாதிக் குடும்பங்கள், கூலித் தொழிலாளர், தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தோர், அண்மைக்காலத்தில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரிலும் கோவையிலும் தங்கிய தொழிலாளரின் பிள்ளைகள். இந்தி, ஒடியா பேசும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் ஒன்றியப் பள்ளி ஆசிரியர், வட்டாரத்தின் எந்த நிறுவனமும் செய்யாத பணியைச் செய்கிறார்.

வெளியேற்றத்தைக் கட்டணத்தாலும் மொழியாலும் மட்டும் விளக்க இயலாது என்பதற்கு 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்தது சான்று. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைப்பதை ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். எதிர்ப்புக் கிளம்பியபின் அம்மாற்றம் நீக்கப்பட்டது. எதிர்த்தோர் மீது வழக்குப் பதிவாயிற்று. ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது அரசுப் பள்ளியின் சிறப்பு. அதுவே சிலருக்கு வெளியேறக் காரணமாகவும் இருக்கிறது என்பதைக் கல்வி வரலாறு மறைக்கக் கூடாது. 1822 ஆம் ஆண்டுப் பட்டியலில் 226 என்று சுருங்கிய பிற சாதியினரின் வழிவந்தோர், இன்று அரசுத் தொடக்கப் பள்ளியைத் தாங்கி நிற்கின்றனர். யாரைத் திண்ணை ஏற்கவில்லையோ அவர்களிடமே பொதுப்பள்ளி இன்று ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இச்சூழலில் ஈரோட்டு நிகழ்வின் பொருளும் தெளிவாகிறது. ஆட்சியரின் மகள் சேர்ந்ததால் ஒரு பள்ளிக்கு அதிகாரமுள்ள குரல் ஒன்று கிடைத்தது. 2015 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் தம் பிள்ளைகளை அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டதும் இக்குரலைத் திரும்பக் கொணரும் நோக்கிலேயாம். எனினும் மாறுதலுக்குரிய ஓர் அலுவலரின் தனிச்செயலோ நீதிமன்ற ஆணையோ, ஊர் தன் பள்ளியோடு கொண்டிருந்த உறவுக்கு ஈடாகாது.

முடிவுரை

கொங்கு நாட்டில் திண்ணைப் பள்ளிக் காலத்துக் கட்டணத் தேர்வு, போர்டுப் பள்ளி, கொடைப் பள்ளிக் காலத்தில் தளர்ந்து, 1978க்குப் பின் புதிய வடிவில் திரும்பியது. திரும்பியபோது அது ஐந்து வயதிலிருந்து மூன்று வயதுக்கு இறங்கியிருந்தது. உணவை இரண்டு வயதிலும் எழுத்தை ஐந்து வயதிலும் தந்த அரசின் இருதுறைப் பிரிவு, இடைப்பட்ட வயதைக் கட்டணப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே பெற்றோர் இன்று இரண்டு பள்ளிகளுக்கிடையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. பல ஊர்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு உள்ள பள்ளி ஒன்றே. அது கட்டணப் பள்ளி.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. பெற்றோரைக் குறைகூறும் அறவுரை வரலாற்று ஆதாரமற்றது. அரசுத் தொடக்கப் பள்ளியை வலுப்படுத்த விழையும் எந்தக் கொள்கையும், ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நிலையான ஆசிரியரைக் கொண்ட, தொழிலாளர் வேலைநேரத்துக்கு இசைந்த மழலையர் வகுப்பை முதற்படியாகக் கொள்ள வேண்டும். அவ்வகுப்பு வந்தபின்னும் வசதியுள்ளோர் திரும்புவரா என்பது சாதியும் பந்தியும் சார்ந்த வினா. அதற்கு விடை ஊராரிடம் உள்ளது. ஆனால் இன்று வேறு வழியின்றிக் கட்டணம் செலுத்தும் பனியன் தொழிலாளிக்கேனும் உண்மையான தேர்வு ஒன்று கிடைக்கும். சல்லிவனின் பட்டியலில் இடம்பெறாத குழந்தைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான முயற்சியால் திறக்கப்பட்ட வாயில் அது. அவ்வாயிலை இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் திறப்பதே இவ்வரலாறு சுட்டும் பணியாகும்.